சென்னை சென்ட்ரல் பக்கம் ரூம்: லாட்ஜா, கீகார்டு ஹோட்டலா?

வால்டாக்ஸ் ரோடு, பெரியமேடு லாட்ஜ்களில் ரிசப்ஷனைத் தாண்டித்தான் மாடிப்படி. உங்களைப் பார்க்க வருபவரை மேனேஜர் நிறுத்தி, ரிஜிஸ்டரில் பெயர், போன் நம்பர், நேரம் எழுதச் சொல்வார். இரவில் பெரும்பாலும் மேலே விடமாட்டார்கள். மீறித் தங்கினால் கூடுதல் ஆளுக்கு வாடகை. பாதுகாப்புக்கு இது நல்லதுதான். ஆனால் அந்த நோட்டு மேஜைமேல் விரிந்தே கிடக்கும். அடுத்து கையெழுத்துப் போடுபவர் உங்கள் ரூம் நம்பரையும் ஊரையும் படித்துவிடலாம்.

சாவிக்குப் பதில் அட்டையால் கதவு திறக்கும் கீகார்டு ஹோட்டலில் விவரம் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். ரூமுக்கு போன் போட்டுக் கேட்ட பிறகே ஆளை அனுப்புவார்கள். செக்-இன் செய்யும்போதே, "யார் கேட்டாலும் ரூம் நம்பர் சொல்லாதீங்க" என்று சொல்லிவையுங்கள். லிஃப்டுக்கும் கார்டு வேண்டுமென்றால் தெரியாதவர் மாடிக்கு வருவது கடினம்.

எங்கே தங்கினாலும் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார் ஆணையத் தளத்தில் மறைத்த ஆதாரை இறக்கிக் கொடுங்கள். கடைசி 4 எண் மட்டுமே தெரியும். ஜெராக்ஸின் குறுக்கே தேதியும் ஹோட்டல் பெயரும் எழுதுங்கள். ஊழியரின் சொந்த வாட்ஸ்அப்புக்கு மட்டும் அனுப்பவே அனுப்பாதீர்கள். அது யார் யார் கைக்குப் போகும் என்பதற்குக் கணக்கே இல்லை.

திருமணமாகாத ஜோடி சேர்ந்து தங்குவது குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. ஆனாலும் பல லாட்ஜ்கள் மறுக்கும். முன்பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

தனியாக வரும் பெண்ணுக்குக் காசு கூடினாலும் கீகார்டுதான். விடியற்காலை ரயிலுக்கு ஓர் இரவு என்றால் லாட்ஜே போதும்.