படத்தைக் காட்டிப் படி கட்டுகிறவர்களிடம் கவனம்: கிளிநொச்சியிலிருந்து ஓர் எச்சரிக்கை

வன்னியில் வீட்டுத்திட்ட வீடுகளைப் பெருப்பித்து, மேல்தட்டு எடுத்து, உள்ளே மாடிப்படி வைத்து, சுவருக்கும் கூரைக்கும் அலங்காரம் செய்யும் வேலை இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் சகோதரங்களும் பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பணத்தைக் குறிவைத்து, கையில் ஒரு டப்லெட்டும் அதற்குள் நூற்றுக்கணக்கான வீட்டுப் படங்களுமாக ஒப்பந்தகாரர் சிலர் வருகிறார்கள். அப்படி வந்த ஒருவரிடம் எங்கள் குடும்பம் பணத்தையும் இழந்து, அம்மாவின் மணிக்கட்டு எலும்பு வெடிக்கும் நிலையையும் கண்டது. முற்பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் யாராவது ஒருவர் அதற்கு முன்னர் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். விடயம் மத்தியஸ்தர் சபையில் இருப்பதால் அவருடைய பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

எங்களுடைய வீடு உருத்திரபுரத்தில் இருக்கிறது. முன்பகுதி இந்திய வீட்டுத்திட்டத்தில், 5,50,000 ரூபாய் உதவிப் பணத்தைக் கட்டம் கட்டமாகப் பெற்றுக் கட்டியது. அந்த வகை வீடுகள் ஒரு தட்டுக்கென்றே எழுப்பப்பட்டவை. அவற்றின் அத்திவாரத்திலும் சீமெந்துக்கல் சுவரிலும் மேல்தட்டின் பாரத்தை ஏற்றக் கூடாது. அது எங்களுக்குத் தெரிந்திருந்தபடியால், பின்பக்கத்தில் நீட்டிய பகுதிக்கு ஒரு பொறியியலாளரின் கணக்கின்படி தனியாக அத்திவாரம் வெட்டித் தூண் எழுப்பியிருந்தோம். அதற்கு மேல் பிளேற் (மேல்தட்டுக்கான கொங்கிறீட் தளம்) போடுவது, படி கட்டுவது, உள் அலங்காரம் செய்வது ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே தொகைக்கு இந்த ஒப்பந்தகாரர் பொறுப்பெடுத்தார்.

அவர் காட்டிய படங்கள் உண்மையிலேயே அழகானவை. சுவரிலிருந்து ஒற்றை ஒற்றையாக நீண்டு நிற்கும் பலகைப் படிகள், கண்ணாடிக் கைபிடி, படிக்குக் கீழே ஒளிரும் விளக்கு என்று எல்லாம் இருந்தன. அவற்றுள் ஒன்றிலும் அளவு இல்லை. எங்கள் வீட்டின் நீள அகலத்தை வைத்து வரைந்த வெட்டுமுக வரைபடம் ஒன்றை, அதாவது படியைக் குறுக்கே வெட்டிப் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல அளவுகளோடு காட்டும் படத்தை, நான் கேட்டபோது, "சேர், படி வேலை நாங்கள் நிண்டு பாத்துச் செய்யிறது, பேப்பரிலை பாத்துச் செய்யிறேல்லை" என்றார். இந்தப் பதிலை உங்களிடம் யாராவது சொன்னால் அவரிடம் படி வேலையைக் கொடுக்காதீர்கள். வீட்டு வேலைகளுள் நின்று பார்த்துத் திருத்தவே முடியாத வேலை படிதான். முதற்படியில் கால் அங்குலம் பிசகினால் அது கடைசிப் படியில் வந்து நிற்கும்.

கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுகிறேன், ஏனென்றால் ஏமாற்றம் முழுவதும் இந்தக் கணக்குக்குள்தான் இருந்தது. எங்களுக்குக் கீழ்த் தரையிலிருந்து மேல்தரை வரைக்கும் உயரம் 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். ஒரு படியின் உயரம் 7 அங்குலம் என்று வைத்தால் 18 உயரங்கள் வரும். மேற்தரையே கடைசி மிதியாக அமைவதால் இடையில் 17 மிதிகள் வேண்டும். ஒரு மிதி 10 அங்குல அகலம் என்றால் படி மட்டும் 14 அடி 2 அங்குல நீளத்தைப் பிடிக்கும். அடியிலும் தலைப்பிலும் ஆள் நின்று திரும்ப இடம் அதற்கு மேலதிகம். எங்கள் நடுக்கூடத்தின் நீளமோ 12 அடிதான். ஆகவே நேர்ப்படி அங்கே வரவே வராது. நடுவில் ஒரு தளம் வைத்து மடித்துக் கட்டும் படிதான் வழி என்பதை ஒரு பென்சிலும் அளவுநாடாவும் வைத்திருக்கும் எந்த மேசனும் சிறிது நேரத்தில் சொல்லிவிடுவார். இவர் சொல்லவில்லை. மடித்துக் கட்டினால் கொங்கிறீட்டை ஊற்றுவதற்கான பலகையடிப்பு வேலை கூடும், கம்பி கூடும், கூலி கூடும். பேசியதோ ஒரே தொகை.

ஆகவே அவர் நேர்ப்படியையே கட்டினார். நடப்பதற்கு நாலடி விட்டு மிச்சமிருந்த எட்டடிக்குள், ஒன்பது அங்குல உயரத்தில் 14 உயரங்களையும் ஏழரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான மிதிகளையும் திணித்தார். ஏழரை அங்குலத்தில் வளர்ந்த ஒருவரின் பாதம் முழுமையாக அமராது; இறங்கும்போது குதிக்கால் மட்டுமே படியில் இருக்கும், விரல்கள் வெளியே நிற்கும். நான் ஆட்சேபித்தபோது, இரண்டு உயரத்தையும் ஒரு மிதியையும் கூட்டினால் 24 இலிருந்து 25 அங்குலத்துக்குள் வர வேண்டும் என்ற கணக்கை எனக்கே சொல்லிக் காட்டி, இதுவும் 25 க்குக் கிட்டத்தானே வருகிறது என்று வாதாடினார். அந்தக் கணக்கு பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளொண்டெல் வழியாக வந்தது. இன்றும் நல்ல கணக்குத்தான். ஆனால் உயரமும் மிதியும் தனித்தனியே தமது எல்லைக்குள் இருக்கும்போதுதான் அது பொருந்தும். வீட்டுப் படியின் உயரம் ஏழரை அங்குலத்தைத் தாண்டாமலும் மிதி பத்து அங்குலத்துக்குக் குறையாமலும் இருக்குமாறு பார்த்துக்கொண்டு, அதன் பிறகே கூட்டிப் பாருங்கள். அரைகுறைக் கணக்கைச் சொல்லி வாயை அடைப்பவர்களுக்கு இதுவே பதில்.

தலையிடி அத்தோடு நிற்கவில்லை. படி ஏறி வெளியே வருவதற்காக மேல் பிளேற்றில் விட்ட திறப்பின் நீளம் ஐந்தடி மட்டுமே. திறப்பின் ஓரத்துக்கு நேரே கீழே உள்ள படியில் நிற்பவரின் தலைக்கு மேல், பிளேற்றின் தடிப்பைக் கழித்தால், ஐந்தடி ஏழு அங்குலந்தான் மிஞ்சியது. ஏழடி இருக்க வேண்டிய இடம் அது. என்னுடைய தம்பி குனியாமல் ஒருநாளும் அந்தப் படியால் ஏறியதில்லை.

அம்மா விழுந்தது இவை எதனாலும் அல்ல என்பதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அவர் செங்குத்தான படிக்குப் பழகி, கைபிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி இறங்கி வந்தார். பிறகு டைல்ஸ் போட்டார்கள். கீழ்த் தரைக்கு சாந்தும் டைலுமாக இரண்டு அங்குலம் ஏறியது, மேல்தரைக்கும் இரண்டு அங்குலம் ஏறியது, படிகளுக்கு ஓர் அங்குலம் மட்டுமே ஏறியது. இதனால் நடுவில் உள்ள படிகள் எல்லாம் ஒன்பது அங்குலமாக இருக்க, அடிப்படி எட்டு அங்குலமாகவும் உச்சிப்படி பத்து அங்குலமாகவும் மாறிவிட்டன. ஏறி இறங்கும்போது நாம் படியைப் பார்ப்பதில்லை. முதல் இரண்டு படிகளில் கால் அளவைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளிலும் அதே அளவை எதிர்பார்க்கும். மேலேயிருந்து இறங்கத் தொடங்கிய அம்மாவின், ஒன்பது அங்குலத்துக்குப் பழகிய கால், எதிர்பார்த்த இடத்தில் தரையைக் காணாமல் தடுமாறியது. கொங்கிறீட் போடுவதற்கு முன்னரே கீழ்த்தரை, மேல்தரை, படி ஆகிய மூன்றுக்கும் எவ்வளவு தடிப்பில் மேற்பூச்சு வரும் என்பதைத் தீர்மானித்து, அதைக் கழித்துப் பலகை அடிக்க வேண்டும். இந்தத் தொழிலில் இது பாலபாடம்.

அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் படியின் அடிப்புறத்தில் டோர்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளைப் பூச்சுக்கு ஊடாகச் செம்மண் நிறத்தில் நேர்கோடுகள் இறங்கியிருந்தன. உளியால் ஓரிடத்தை இலேசாகத் தட்டியதும் பூச்சு கழன்று, கம்பி வெறுமையாகத் தெரிந்தது. கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் கவர் கட்டைகளை அடியில் வைக்காமல், பலகைமேலேயே கம்பியைப் பரப்பிக் கொங்கிறீட்டைக் கொட்டியிருக்கிறார்கள். குறைந்தது முக்கால் அங்குலக் கொங்கிறீட்டுக்கு உள்ளே இருக்க வேண்டிய கம்பி காற்றுப்பட்டுத் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும். உப்புத்தன்மையுள்ள கிணற்றுத் தண்ணீரால் குழைத்தால் இது இன்னும் விரைவாக நடக்கும் என்பதால், பூநகரிப் பக்கத்திலும் கடலோர ஊர்களிலும் கட்டுகிறவர்கள் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். முட்டுக்கம்புகளையும் இரண்டு வாரமாவது விடாமல், வேறோர் இடத்து வேலைக்கென்று ஒரு கிழமைக்குள்ளேயே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

கைபிடி விடயத்தில் நடந்தது அப்பட்டமான பொய். முதிரை என்று பேசி, முதிரையின் விலையை வாங்கினார்கள். முதிரை எங்கள் காட்டு மரம். வெளிர்மஞ்சள் நிறமும் பட்டுப்போன்ற மினுக்கமும் நல்ல பாரமும் உள்ளது. பாலை என்றால் கருஞ்சிவப்பாக இருக்கும், தண்ணீரில் போட்டால் தாழும். எங்களுக்கு வந்த கைபிடி கடும் மண்ணிற வார்னிஷ் பூசியே வந்து இறங்கியது. பின்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தால், வைரம் சிறிதும் இல்லாத, ஒரு கையால் தூக்கக்கூடிய ஏதோ வெளிற்று மரம். வார்னிஷ் பூசாத மரத்தை உங்கள் முற்றத்தில் இறக்கச் சொல்லுங்கள். மர ஆலைப் பற்றுச்சீட்டையும், ஏற்றி வந்ததற்கான அனுமதிப்பத்திரத்தையும் கேளுங்கள். பத்திரம் இல்லாத முதிரை உங்கள் வளவில் பிடிபட்டால் வழக்கு உங்களுக்கும் வரும்.

உள் அலங்காரத்தைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. படிக்குக் கீழே செய்த அலுமாரி மரத்தூள் பலகையால் ஆனது. முதல் மாரியிலேயே அடிப்பாகம் ஊதிப் பிளந்து, அதற்கூடாகக் கறையான் ஏறிவிட்டது. ஈரம் காயாத சுவரை மறைத்துப் பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டியதால் உள்ளே பூஞ்சணம் பிடித்தது. வன்னி வெக்கைக்கும் புழுதிக்கும் மாரிக்கும் எந்தப் பொருள் தாங்கும் என்று யோசிக்காமல் படத்தில் உள்ளதை அப்படியே கொண்டுவந்து ஒட்டுவதை அலங்காரம் என்று சொல்ல முடியாது.

மொத்தத் தொகையில் பெரும்பங்கு கைக்குப் போன பிறகு அவர் வருவதைக் குறைத்தார், பிறகு தொலைபேசி எடுப்பதையும் நிறுத்தினார். பொலிசில் முறைப்பாட்டைப் பதிந்து, மத்தியஸ்தர் சபைக்கும் போனோம். அந்தச் சபை இருவரையும் இணங்க வைக்க முயலும். கட்டாயப்படுத்த அதற்கு அதிகாரம் இல்லை. இணக்கம் வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தரும், அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம். அங்கே எங்களுக்குக் கைகொடுப்பவை வங்கி மூலம் அனுப்பிய பணத்தின் பதிவுகளும் வேலை நடக்கும்போது எடுத்த படங்களுந்தான். ஆகையால் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கியால் அனுப்புங்கள். கம்பி கட்டி முடித்ததும், கொங்கிறீட் போடுவதற்கு முன்னர், அளவுநாடாவை வைத்துப் படம் எடுங்கள். ஒப்பந்தகாரர் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்தவரா என்று கேளுங்கள். பிரதேச சபையின் அனுமதிக்கு வரைபடம் கொடுக்கும்போது படியின் வெட்டுமுகத்தையும் அதில் வரைவித்து, அதே தாளில் ஒப்பந்தகாரரின் கையொப்பத்தையும் வாங்குங்கள். கடைசிக் கொடுப்பனவை, டைல்ஸ் போட்டு முடித்து ஒவ்வொரு படியையும் அளந்த பிறகே கொடுங்கள்.

உள்ளே இருந்த படியை நாங்கள் உடைத்து, திறப்பை மூடிவிட்டு, வீட்டின் பக்கவாட்டில் கூரையோடு கூடிய மடிப்புப் படி ஒன்றைக் கட்டுவித்தோம். ஒன்பது உயரங்கள் ஏறி ஒரு தளம், திரும்பி இன்னும் ஒன்பது. தளத்தோடு சேர்த்து 9 அடி 8 அங்குல நீளமும் ஆறரை அடி அகலமும் போதுமானதாக இருந்தன. வெளியே கட்டுகிறவர்கள் படிக்கும் தனி அத்திவாரம் போட வேண்டும். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் களிமண்போலக் கோடையில் வெடித்து மாரியில் பொம்மும் நிலமென்றால், அந்த அத்திவாரத்தின் ஆழத்தைப் பொறியியலாளரிடம் கேட்காமல் தீர்மானிக்கக் கூடாது.

செங்குத்தான படி ஏற்கெனவே கட்டப்பட்டு, உடைக்க வசதி இல்லாதவர்கள் இரு பக்கமும் உறுதியான கைபிடி போடுங்கள். சிறுபிள்ளைகள் இருக்கும் வீடென்றால் கைபிடிக் கம்பிகளுக்கு இடைவெளி நாலு அங்குலத்துக்கு மேல் போக விடாதீர்கள். டைல்ஸ் இன்னும் போடவில்லை என்றால் ஒவ்வொரு மிதியையும் முன்பக்கமாக ஓர் அங்குலம் நீட்டிப் போடச் சொல்லலாம்; கால் வைக்க அந்த ஓர் அங்குலமும் உதவும். உயரம் மாறும் அடிப்படியிலும் உச்சிப்படியிலும் வேறு நிறத்தில், வழுக்காத பட்டி ஒன்றை விளிம்போடு ஒட்டி, அந்த இரண்டு இடங்களுக்கும் இரவில் எரியும் விளக்கையும் போட்டுவிடுங்கள்.