பாத்ரூம், கிச்சன் டைல்ஸ்: பளபளப்பா, சொரசொரப்பா, மேட்டா?

டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்னால் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஆர்ஓ சர்வீஸுக்கு வந்த தம்பியிடம் மீட்டரை வாங்கி எங்கள் போர் தண்ணீரில் முக்கிப் பார்த்ததுதான். டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கிற உப்பு, 1,100 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்வது 500, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை போகலாம். குடிக்கிற தண்ணீருக்கு ஆர்ஓ இருக்கிறது, சரி. ஆனால் குளிப்பதும் கழுவுவதும் இந்தத் தண்ணீரில்தானே? தாம்பரம் தாண்டி எங்கள் பக்கம் முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான். அதனால் நான் சொல்லப்போவது எல்லாம் உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு. நல்ல ஆற்றுத் தண்ணீர் வருகிற ஊர்க்காரர்கள் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம்.

இதற்கு முன் ஆறு வருஷம் இருந்த வாடகை வீட்டில் பாத்ரூம் தரை காப்பிப் பொடி நிறத்தில், சொரசொரப்பான ஆன்டி ஸ்கிட் டைல்ஸ். குடிவந்த அன்று அழகாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் அந்தச் சொரசொரப்பின் ஒவ்வொரு குழியிலும் உப்பும் சோப்பும் சேர்ந்து வெள்ளையாகப் பொருக்குக் கட்டிவிட்டது. மாப் போட்டால் மாப்பில் இருக்கிற நூல் பிய்ந்து குழியில் ஒட்டும், அழுக்கு வராது. பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மண்டியிட்டுத் தேய்த்தால்தான் உண்டு. தேய்த்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அதனால்தான் புது வீட்டில் தரை டைல்ஸை நான்தான் எடுப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

செராமிக்கா விட்ரிஃபைடா என்பதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். தரைக்கு விட்ரிஃபைடு, சுவருக்கு செராமிக். விட்ரிஃபைடு டைல் தண்ணீரை அரை சதவீதம்கூடக் குடிக்காது, சுவர் செராமிக் பத்து சதவீதத்துக்கு மேல் குடிக்கும். சந்தேகமாக இருந்தால் டைலைத் திருப்பிப் போட்டு முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், செராமிக் உடனே உறிஞ்சிவிடும். சுவரில் மேல்பூச்சு காப்பாற்றிவிடும், எடையும் குறைவு, விலையும் குறைவு, போதும். கம்பெனி விஷயத்திலும் பெரிதாகக் குழம்பவில்லை. இந்தியாவில் விற்கிற டைல்ஸில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியில் இருந்துதான் வருகிறது.

உண்மையான போட்டி மேற்பரப்பில்தான். பளபளப்பு, சொரசொரப்பு, இரண்டுக்கும் நடுவில் வழவழப்பான மேட். கடை வெளிச்சத்தில் மூன்றும் அழகு. அதனால் கடைக்காரரிடம் கெஞ்சி, வகைக்கொரு டைலாக ஐந்து வாங்கி வந்து மொட்டை மாடியில் வரிசையாகப் போட்டேன்: கறுப்புப் பளபளப்பு, வெள்ளைப் பளபளப்பு, சாம்பல் நிறச் சொரசொரப்பு, மணல் நிறத்தில் லேசாகப் புள்ளி ஓடுகிற மேட், அப்புறம் என் வீட்டுக்காரர் ஆசைப்பட்ட மர டிசைன். தினமும் காலையில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொம்பு போர் தண்ணீர், பிறகு வெயில். பத்து நாள். எதிர் வீட்டு மாமி மூன்றாம் நாளே "செடி முளைக்குமா?" என்று கேட்டுவிட்டார்.

செடி முளைக்கவில்லை, பதில் முளைத்தது. கறுப்புப் பளபளப்பு மூன்றாம் நாளே தோற்றுவிட்டது, கோலமாவு டப்பாவைத் தட்டிவிட்டது போல வளையம் வளையமாக வெள்ளை. வெள்ளைப் பளபளப்பில் உப்பு படிந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியவில்லை, சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது, துணியால் துடைத்தால் கொஞ்சம் வந்தது. சொரசொரப்பில் குழியெல்லாம் நிரம்பிவிட்டது, வாடகை வீட்டு ஞாபகம். மர டிசைனில் மரத்தின் ரேகை என்று கோடு கோடாகக் கீறல் விட்டிருக்கிறார்கள், அந்தக் கீறலில் எல்லாம் உப்பு. மணல் நிற மேட்டில் பத்தாம் நாளும் எது டிசைன் புள்ளி, எது உப்புப் புள்ளி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எலுமிச்சைத் தோலால் ஒரு தேய் தேய்த்ததும் போய்விட்டது.

கறை இல்லாத டைல் ஒன்றும் கிடையாது, கறையை மறைத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வரை பொறுத்துக்கொள்கிற டைல்தான் உண்டு. அதனால் தரைக்கு இடைப்பட்ட நிறம், ஒரே வண்ணமாக இல்லாமல் லேசாகக் கலங்கிய டிசைன், விரல் நகத்தை ஓட்டினால் சிக்காத மேட். இதைத்தான் இரண்டு பாத்ரூமுக்கும் கிச்சன் தரைக்கும் போட்டோம்.

வழுக்காதா என்று கேட்பீர்கள். அத்தைக்கு எழுபது வயது, அந்தப் பயம் எனக்கும் இருந்தது. டைல் பெட்டியிலோ கேட்டலாகிலோ ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருப்பார்கள், எண் ஏற ஏறப் பிடிப்பு அதிகம். அந்தச் சோதனையே ஷூ போட்டுக்கொண்டு, எண்ணெய் ஊற்றின சரிவில் நடந்து செய்வது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனியாக ஒரு தரம் உண்டு, ஆனால் நான் போன எந்தக் கடையிலும் அதைக் கேட்டதும் விழித்தார்கள். கடைசியில் ஆர் 10 எடுத்துவிட்டு, சாம்பிள் டைலில் சோப்புத் தண்ணீர் ஊற்றி நானே வெறுங்காலில் நின்று பார்த்தேன். நின்றது. இருந்தாலும் அத்தையின் பாத்ரூமில் சுவரில் ஒரு கைப்பிடி அடித்திருக்கிறோம். டைலை மட்டும் நம்பி வயதானவர்களை விட மாட்டேன்.

கிச்சன் சுவருக்குப் பளபளப்புதான், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. தாளிக்கிற எண்ணெய் தெறிக்கிற இடத்தில் மேட் போட்டால் பிசுக்கு நீங்கவே நீங்காது. அடுப்புக்குப் பின்னால் மேடையில் இருந்து இரண்டடியாவது பெரிய டைலாக, டிசைன் மேடு பள்ளம் இல்லாமல். செங்கல் மாதிரி சின்னச் சின்னதாக வருகிறதே, பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எத்தனை சந்து என்று எண்ணிப் பாருங்கள்.

சந்து என்றதும்தான் ஞாபகம் வருகிறது, டைலை இத்தனை பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். வாடகை வீட்டில் டைல்ஸ் போடுகிறவர், "அக்கா, ஆசிட் ஊத்துங்க, பளிச்சுனு ஆயிடும்" என்று சொன்னதைக் கேட்டு மாதம் ஒரு முறை ஊற்றினேன். உப்பு போனது, கூடவே டைல்களுக்கு நடுவில் சந்தை அடைத்திருந்த சிமெண்ட் கிரவுட்டும் போனது. ஆசிட் உப்பைக் கரைக்கிற மாதிரியேதான் சிமெண்ட்டையும் கரைக்கும், குழாயின் குரோம் பூச்சையும் விடாது. (ஆசிடோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.) அப்புறம் அந்தச் சந்தில் தண்ணீர் நிற்கும், கறுப்புப் பிடிக்கும், கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் தெரியும், சண்டை வரும்.

புது வீட்டில் சந்து ஒரே அளவாக இருக்க ஸ்பேசர் வைத்து, சிமெண்ட்டுக்குப் பதில் எபாக்ஸி என்கிற பிசினால் ஆன கிரவுட் போட்டோம். பொருளும் கூலியும் சேர்த்துக் கூடுதலாக 11,000 ரூபாய். வெள்ளை சிமெண்ட் பூசினால் இதில் கால்வாசிகூட ஆகியிருக்காது. வேலை செய்தவருக்குப் பிடிக்கவே இல்லை, சீக்கிரம் இறுகிவிடும், உடனே துடைக்க வேண்டும். ஒரு மூலையில் துடைக்காமல் விட்டுவிட்டார், அங்கே இன்னமும் டைல் மேல் மங்கலான ஒரு படலம் இருக்கிறது. ஆனால் கிச்சன் தரையில் மஞ்சள் தண்ணீர் கொட்டியது, குழந்தை சாம்பாரைக் கவிழ்த்தது எதுவும் சந்தில் ஏறவில்லை. எங்களுக்கு இரண்டரை வருஷம்தான் ஆகிறது, பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். டைலுக்கு அடியில் வாட்டர்ப்ரூஃபிங் செய்யாமல் எபாக்ஸியை மட்டும் நம்புவதும் தப்பு.

சந்து குறையட்டும் என்று பாத்ரூம் தரைக்கு இரண்டடிக்கு இரண்டடி டைல் போடலாமா என்று நானும் யோசித்தேன். டைலின் பக்க அளவு இரட்டிப்பானால் சந்தின் நீளம் பாதியாகிவிடுமே, கணக்கு சரிதான். வாட்டம்தான் இடித்தது. ஏழடிக்கு நாலடி பாத்ரூமில் தண்ணீர் வடிகிற ஜாலி மூலையில் இருக்கிறது, தண்ணீர் அங்கே ஓட வேண்டுமானால் ஏழடிக்கு ஒரு அங்குலமாவது இறங்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கத்தில் இருந்தும். பெரிய டைல் அப்படி வளையாது, குறுக்கே வெட்ட வேண்டும், வெட்டின இடத்தில் விளிம்பு தூக்கி நின்று காலைக் குத்தும். ஒன்றுக்கு ஒன்று போட்டோம். சந்து அதிகம்தான், எபாக்ஸி இருக்கிற தைரியம். கிச்சனில் வாட்டப் பிரச்சினை இல்லாததால் அதே டிசைனில் இரண்டுக்கு இரண்டு.

வீட்டுக்காரருக்குக் காரைக்குடிப் பக்கம், கிச்சனுக்கு ஆத்தங்குடி டைல்ஸ் வேண்டும் என்று ஒரு வாரம் பேச்சு. கண்ணாடித் தட்டில் சாயக் கலவையை ஊற்றி, சிமெண்ட்டும் மணலும் போட்டு, கையால் செய்து தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அழகைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அது சிமெண்ட், எலுமிச்சையும் புளியும் சிந்துகிற இடத்துக்கு ஆகாது, ஆசிட் பட்டால் அவ்வளவுதான். பூஜை அறையில் போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்தோம்.

வாங்கும்போது பத்து சதவீதம் கூடுதலாக வாங்கச் சொல்வார்கள், அதற்கு மேல் ஒரு பெட்டி வாங்கிப் பரணில் போடுங்கள், எல்லாப் பெட்டியிலும் நிறச் சாயலைக் குறிக்கிற ஷேட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். போன தீபாவளிக்கு முன் குழாய் கசிவுக்காகப் பிளம்பர் இரண்டு டைலை உடைக்க வேண்டி வந்தது. கடையில் கேட்டால் அந்த டிசைனே நின்றுவிட்டதாம். பரணில் இருந்த பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். மீதி ஆறு இருக்கிறது. மாடியில் சோதனைக்குப் போட்ட கறுப்பு டைல் இப்போது துளசித் தொட்டிக்கு அடியில், இன்னமும் வெள்ளை வளையத்தோடு.