பூ ஜடை: தலையில் தைப்பதா, தைத்ததைக் கட்டுவதா, நகையை மாட்டுவதா?

வளைகாப்புக்கோ மஞ்சள் நீராட்டுக்கோ நாள் குறித்தாயிற்று. சமையல்காரர், பந்தல் எல்லாம் பேசி முடித்த பிறகு பெண்கள் பக்கம் ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: ஜடை யார் போடுவது, எப்படிப் போடுவது? பார்லருக்குப் போகாமல் வீட்டிலேயே முடிக்க மூன்று வழி உண்டு. பின்னிய ஜடையின் மேலேயே ஊசி நூலால் மொட்டு தைப்பது பழைய முறை. வாழைப்பட்டையில் தனியாகத் தைத்து வைத்து, நேரம் வந்ததும் ஜடையின் மேல் கட்டுவது இரண்டாவது. ராக்கொடி, நாகம், குஞ்சலம் என்று நகையாகவே மாட்டுவது மூன்றாவது. வளைகாப்பு என்றால் என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் எல்லா விசேஷத்துக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடியில் இருப்பது சாதாரண மூன்று கால் பின்னல்தான். நாலு கால், ஐந்து கால் பின்னலெல்லாம் பூ வைக்காத நாளுக்கு அழகு. மேலே மொத்தமாக மூடப்போகிற ஜடைக்கு அந்த வேலைப்பாடு வீண். தலைக்குக் குளித்த அன்றே பின்னினால் முடி வழுக்கும். முதல் நாளே குளித்து நன்றாகக் காய வைத்துவிடுங்கள். எண்ணெய் கையில் தடவிய அளவு போதும், வழிந்தால் பட்டை நழுவும், ரவிக்கையும் கறைபடும். தோள் வரைக்கும்தான் முடி என்றால், பின்னந்தலையில் ரப்பர் பேண்டால் இறுக்கிக் குட்டையாக ஒரு குதிரைவால் போட்டு, சவுரியின் (ஒட்டு முடியின்) கயிற்றை அதன் அடியில் சுற்றிக் கட்டிக் கொண்டை ஊசி குத்த வேண்டும். கனம் முழுவதையும் தாங்கப்போவது அந்த ஒரு முடிச்சு. அதைப் பிடரிக்குப் பக்கத்தில் தாழ்த்திப் போட்டால், குனியும்போதெல்லாம் ஜடை பிடித்து இழுக்கும். கொஞ்சம் மேலே ஏற்றிப் போட்டால் பாரம் தலை முழுக்கப் பரவும்.

தலையிலேயே தைப்பதற்கு ஈடான அழகு வேறெதற்கும் கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்னலின் வளைவுக்கு ஏற்பப் பூ உட்காரும். ஜடை தனி, பூ தனி என்று தெரியாது. மல்லிகை மொட்டின் காம்பில் ஊசியை ஏற்றி, மொட்டின் தலை இரண்டு ஓரத்தையும் பார்க்க, காம்புகள் நடுவில் சந்திக்கும்படி வரிசை வரிசையாகத் தைத்துக்கொண்டு போவார்கள். காம்பு சந்திக்கும் நடுக்கோட்டைக் கனகாம்பரமோ ரோஜா இதழோ மறைக்கும். கை தேர்ந்தவருக்கே இது மணிக்கணக்கில் பிடிக்கும். அதுவரை உட்கார்ந்திருக்கிற பெண் கழுத்தைத் திருப்பக் கூடாது. “குனியாதடி, வரிசை கோணிடும்” என்று அத்தைமார் அதட்டுவது இந்த நேரத்தில்தான். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு டிவியைப் போட்டுவிட்டால் சமாளிக்கலாம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ ஆன கர்ப்பிணியை அப்படி முதுகு நிமிர்த்தி உட்கார வைப்பது கொடுமை. அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும், கால் வீங்கும். அழகுக்காக இதைத் தாங்கிக்கொள் என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொரு சிக்கல் பூவின் நேரம். மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகப் பறிப்பார்கள். அன்று சாயங்காலம் அது விரியும். மாலை விழாவுக்கு இது வசதி. மதியம் தைத்தால் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசம் எழும்பும். காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம் என்றால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அன்றைய பூ சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்து, அதற்குப் பிறகு தலையில் தைத்து முடிக்க நேரம் இருக்காது. முந்தின நாள் மொட்டோ ராத்திரியிலேயே வாய் திறந்துவிடும். விரிந்த பூவில் வரிசை நிற்காது, கோலம் கலைந்து வெள்ளைக் குவியலாகிவிடும்.

பட்டையில் தைக்கும் முறை ஜெயிப்பது இந்த இடத்தில்தான். முந்தின நாள் மொட்டை வாங்கி மதியமே நாலு பேர் சுற்றி உட்கார்ந்து தைத்து, ஈரத்துணியிலும் வாழையிலையிலும் பொதிந்து, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் குளிர் மொட்டை விரியவிடாமல் பிடித்து வைக்கும். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், கருகிவிடும். பட்டை ஜடையின் அகலத்தைவிட ஒரு விரல்கடை கூடுதலாக இருந்தால் போதும். மேலே அகன்று கீழே குறுகும்படி வெட்டிக்கொள்ளுங்கள். வாழைப்பட்டை கிடைக்காத ஊரில் கெட்டித்துணியும் உதவும். அட்டையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பூவின் ஈரத்தில் ஊறி நடுவில் மடங்கும்; முதுகோடு ஒட்டாமல் விறைத்துக்கொண்டு நிற்கவும் செய்யும். பட்டையின் இரண்டு ஓரமும் சாண் இடைவெளிக்கு ஒரு நூலை விட்டுவைத்து, காலையில் ஜடைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டால் கால் மணி நேரத்தில் வேலை முடியும். குறை இல்லாமல் இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் பட்டையின் ஓரம் தெரியும். அதை மறைக்க இரு பக்கமும் கட்டின மல்லிகைச் சரம் ஒன்று ஓட்ட வேண்டும். மேல் நுனியில் நன்றாக ஊசி குத்தாவிட்டால் மத்தியானத்துக்குள் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாயும்.

பூ விலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்கழி, தையில் பனியால் மல்லிகை வரத்து குறைந்து, மதுரை மாட்டுத்தாவணி, தோவாளை பூச்சந்தைகளில் கிலோ ஆயிரங்களில் பேசப்படும். கோடையில் பூ குவியும்போது விலை மடமடவென்று இறங்கும். தை மாத விசேஷத்துக்கு முழு மல்லிகை ஜடைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், நடுப்பகுதியைக் கனகாம்பரத்தால் நிரப்பி ஓரத்துக்கு மட்டும் மல்லிகை வைத்தால் செலவு குறையும். கனகாம்பரத்துக்கு வாசம் கிடையாது, ஆனால் கனமும் இல்லை, சீக்கிரம் வாடவும் வாடாது. வாசம் இல்லாததே சில நேரம் நல்லது. மசக்கை முழுசாக விடாத பெண்ணுக்குத் தலையில் கட்டின மல்லிகை மணமே குமட்டலைக் கிளப்பும். தாழம்பூவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மடல் ஓர முள்ளைக் கத்தரியால் சீவி, மடித்துத் தைத்தால் ஜடை பொன்னிறத்தில் மின்னும், ஆனால் அந்த வாசம் அவிழ்த்த பிறகும் முடியை விட்டுப் போகாது. பிடித்தவர்களுக்கு அதுதான் சுகம்.

இனி நகை ஜடை. உச்சியில் வட்டமாக ராக்கொடி, கீழே பிறை, அதன்பின் குறுகிக்கொண்டே போகும் நாகம், முடிவில் குஞ்சலம். நாகர்கோவில் வடசேரியில் செய்கிற, சிவப்புக் கெம்பு பதித்த கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடே உண்டு. அந்த ரகம் குடும்பச் சொத்து, ஒரு நாள் கூத்துக்கு வாங்குகிற பொருள் இல்லை. பெரும்பாலும் நம் கைக்கு வருவது முலாம் பூசிய கவரிங், வாடகைக்கும் கிடைக்கும். வாடாது, முதல் நாள் ராத்திரி கவலை கிடையாது, மாட்டுவதும் சுலபம். பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகளுக்கு இதுவோ துணிப் பூவோதான் சரி. சுழலும்போது ஜடை முகத்தில் அடிக்காமல் நுனியை ஒட்டியாணத்துக்குள் செருகிவிடுவார்கள். அந்த இழுப்புக்கு நிஜப் பூ நசுங்கிப் போகும்.

ஆனால் உட்கார்ந்தே இருக்கிற விழாவுக்கு நகை ஜடை இம்சை. நாற்காலியில் சாய்ந்தால் முதுகில் குத்தும், ஓரங்கள் பட்டு ரவிக்கையின் ஜரிகையைப் பிடித்து இழுக்கும். மெல்லிய பின்னலின் மேல் மாட்டினால் நகை தனியாகத் தொங்கி ஆடும் என்பதால் சவுரி கட்டாயம். ஆக இரட்டைப் பாரம். முன்நெற்றியில் ஏற்கெனவே முடி கொட்டுகிறவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். ஆசை விடாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: உச்சிக்கு ராக்கொடி மட்டும், பின்னல் நெடுக இடைவெளி விட்டு நாலைந்து ஜடைபில்லை (ஜடையில் குத்தும் வில்லை), நடுவே மல்லிகைச் சரம். போட்டோவில் பார்த்தால் முழு நாகத்துக்குக் குறைவாகத் தெரியாது. முன்பெல்லாம் ஸ்டூடியோவில் பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைத்து, முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார்களே, அந்தப் பாணியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள இது தாராளம்.

பிளாஸ்டிக் பூ ஜடையைப் பற்றிச் சுருக்கமாக: வெயிலில் கழுத்து வேர்க்கும், நிறம் போட்டோவில் பளீரென்று காட்டிக்கொடுக்கும். வெளிநாட்டில் வசிப்பதால் மல்லிகையே கிடைக்காவிட்டால் துணியில் செய்ததை வாங்குங்கள், தேவலை.

ராத்திரி அவிழ்ப்பதையும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தலையில் தைத்த ஜடையில் நூல் முடியோடு பின்னிக் கிடக்கும். ஜடையைத் திருப்பி, பின்பக்க நூலை ஒவ்வொன்றாகச் சின்னக் கத்தரியால் வெட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் யாராவது அவசரப்பட்டால் நூலோடு முடியும் போகும். நகை ஜடையைக் கழற்றும்போது கீழிருந்து தொடங்குங்கள். மேல் கொக்கியை முதலில் விட்டால் மொத்தக் கனமும் குஞ்சல முனையில் தொங்கி முடியை இழுக்கும். பட்டை ஜடைக்குப் பின்னால் இருக்கிற முடிச்சுகளை அவிழ்த்தால் போதும், அதுவும் அந்தப் பெண் சாய்ந்து கண்ணை மூடியிருக்கும்போதே.