46,500 ரூபாய் போனது: பெங்களூருக்குப் படிக்க வருகிறவர்கள் வாசியுங்கள்

கோபத்தோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறை தேடித் தருகிறேன் என்று என்னிடம் காசு வாங்கிய ஆளை, இன்று காலை பத்து மணி வரை ‘அவர்’ என்றுதான் எழுத நினைத்திருந்தேன். பத்து மணிக்கு என் எண்ணை முடக்கிவிட்டான். இனி ‘அவன்’தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து முதுகலை படிக்க இங்கே வந்து இன்றோடு இருபத்தாறு நாள். இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகை, மாதம் 20,000 இந்திய ரூபாய். நம் காசில் எழுபதாயிரம் என்று அம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டார். அந்த எழுபதாயிரம் இங்கே எப்படிக் கரைகிறது என்ற மாதக் கணக்கை முழுவதும் இந்தப் பதிவில் போடுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது.

கல்லூரி விடுதியில் இடமில்லை என்று தெரிந்தபோது விமானத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. அறை தேடித் தரும் தளங்களில் ஒன்றில் பதிந்தேன். பெயர் எழுதவில்லை, வழக்கு என்று அலைய எனக்குத் தெம்பில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே தனிச் சேவை, அறை, மூன்று நேரச் சாப்பாடு, தண்ணீர், வைஃபை, வெளிநாட்டவர் பதிவு எல்லாம் சேர்த்து மாதம் 14,500 என்று போட்டிருந்தார்கள்.

பத்து நிமிடத்தில் அந்தத் தளத்தின் ஆளிடமிருந்து அழைப்பு வந்தது. நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். பெயரைக் கேட்டவுடன், “அக்கா, நீங்க தமிழா? நமக்கு ஒசூர்க்கா, தமிழ்லயே பேசுங்க” என்றான். அவ்வளவுதான். எனக்கு உள்ளே ஏதோ இளகிவிட்டது. கன்னடமும் தெரியாது, இந்தியும் தெரியாது, எப்படி அங்கே கதைப்பது என்று இரவெல்லாம் முழித்துக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்று இரவே ஓர் எக்செல் அட்டவணை அனுப்பினான். இடப்பக்கம் இந்திய ரூபாய், வலப்பக்கம் இலங்கை ரூபாய். சோப்பு, ஷாம்பு, போன் ரீசார்ஜ், கோயில் உண்டியல் வரைக்கும் வரி வரியாக. நடுவில் ‘தேங்காய், மாதம் 8 – ரூ. 240’. நான் விழுந்தது அந்த வரியில்தான். “உங்க ஆளுங்களுக்குத் தேங்காய் இல்லாம ஆகாதுல்ல அக்கா” என்று ஒரு குரல் பதிவும் வந்தது. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். “நல்ல பெடியன்” என்றார்.

அந்த அட்டவணைப்படி மாதக் கடைசியில் என் கையில் 2,860 ரூபாய் மிஞ்சும். அதில் இரண்டு வரிகளில் பூச்சியம். பஸ்: 0, பெண்களுக்கு இலவசம். கரண்ட்: 0, 200 யூனிட் வரை இலவசம். இரண்டும் இல்லாத திட்டங்கள் இல்லை, அதுதான் அவன் கெட்டித்தனம். கர்நாடகத்தில் சக்தி திட்டம் 2023 ஜூனில் தொடங்கியது, பெண்களுக்கு அரசு பஸ் இலவசம்தான். ஆனால் அந்த மாநிலத்தில் வசிப்பவள் என்று காட்டும் அட்டை வேண்டும். நான் கண்டக்டரிடம் கடவுச்சீட்டை நீட்டினேன். சிரித்துவிட்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். இப்போது பி.எம்.டி.சி. என்ற பெங்களூர் நகர பஸ்ஸின் மாதப் பாஸ், சாதாரண வண்டிக்கு 1,200 ரூபாய். கரண்ட் கதை இன்னும் மோசம். இலவச யூனிட் திட்டம் வீட்டு இணைப்புகளுக்கு. நான் போய்ச் சேர்ந்த பி.ஜி.யில் (காசுக்குத் தங்க வைக்கும் தனியார் விடுதி) அறைக்கு அறை தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 12 ரூபாய் வாங்குகிறார்கள். தேங்காய் ஒன்று 60 ரூபாய். ஊரில் 200 ரூபாய் என்று ஒப்பாரி வைத்துவிட்டு வந்தேன், கணக்குப் பார்த்தால் இங்கேயும் அதேதான்.

சரி, காசு கட்டிய கதைக்கு வருகிறேன். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் உள்ள ஊர் பெங்களூர் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவன் இரண்டு மாதம் போதும் என்றதும் மலிவாகத் தெரிந்தது. போனிலேயே காசு கட்டுகிற இந்திய முறையான யூபிஐ எனக்குக் கிடையாது. இந்தியர்கள் நம் நாட்டுக்கு வந்தால் 2024 பெப்ரவரியிலிருந்து போனை நீட்டிக் கட்டிவிடலாம், நாம் இங்கே வந்தால்தான் திண்டாட்டம். அதனால் சென்னை வளசரவாக்கத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன், அண்ணா, தன் போனிலிருந்து கட்டினார். அட்வான்ஸ் 29,000, முதல் மாதம் 14,500, ‘பதிவு உதவி’ என்று 3,000. மொத்தம் 46,500. நம் காசில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். அம்மா சீட்டெடுத்த காசு.

ரசீது அண்ணாவின் பெயரில் வந்தது. ஏன் என்று கேட்டேன். “கட்டுனவங்க பேர்லதான் சிஸ்டம் போடும், ஒண்ணும் பிரச்சினை இல்ல அக்கா” என்றான். எல்லாக் கேடும் அந்த ரசீதில்தான் இருந்தது, எனக்குத்தான் விளங்கவில்லை.

வந்து இறங்கினால், தனி அறை என்றது மூன்று பேர் அறை. மூன்று நேரச் சாப்பாடு என்றது ஞாயிறு இரவு கிடையாது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். படிக்க வந்தவள், சண்டை போட வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் கல்லூரியில் ‘ஃபார்ம் சி’ எங்கே என்று கேட்டார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டவரைத் தங்க வைக்கிற யாராக இருந்தாலும், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அந்தப் படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர்கள் 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு அந்தப் படிவம் கேட்பார்கள். பதிவு இல்லாமல் கணக்குத் திறக்க முடியாது என்றார்கள் வங்கியில். கணக்கு இல்லாவிட்டால் உதவித்தொகை வந்து விழ இடமில்லை. ஒரு படிவம் இல்லாமல் 20,000மும் அந்தரத்தில்.

பி.ஜி. மேலாளரிடம் போனேன். “அது என்னம்மா ஃபார்ம்?” என்றார். கடவுச்சீட்டைக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. “நீ சிலோனா? சென்னைப் பொண்ணுன்னுதானே சொன்னாங்க, பில்லுலயும் சென்னை அட்ரஸ்தானே இருக்கு. ஃபாரினர் வைக்க நாங்க பதிவே பண்ணல. போலீஸ் வந்தா யாரு பதில் சொல்றது?” விளங்குகிறதா? என்னை வெளிநாட்டு மாணவி என்று பிடித்து, அதற்கு 3,000 தனியாக வாங்கி, அங்கே உள்ளூர்ப் பெண் என்று தள்ளிவிட்டிருக்கிறான். அண்ணாவின் பெயரில் வந்த ரசீது அதற்குத்தான் உதவியிருக்கிறது.

அவனுக்கு அழைத்தேன். “ப்ராசஸ்ல இருக்கு அக்கா.” மறுநாள், “சர்வர் டவுன் அக்கா.” அதற்கு மறுநாள், “ஓனர் திருப்பதி போயிருக்கார், வந்ததும் முடிச்சிடலாம்.” எட்டாம் நாள் மேலாளர் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஒன்பதாம் நாள் இரண்டு பெட்டியோடு தெருவில் நின்றேன். பதிவுக்கு ஐந்து நாள் பாக்கி.

கூடப் படிக்கும் ஒரு பிள்ளை அல்சூரில் தன் பெரியம்மா வீட்டு மாடி அறைக்குக் கூட்டிப் போனாள். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறதே, அந்தப் பக்கம். அந்த அம்மா வாடகை 8,000, ஐந்து மாத அட்வான்ஸ் என்றார். என்னிடம் அவ்வளவு இல்லை என்று அழுதேன். “அழாத கண்ணு, ஒரு மாசம் குடு, மிச்சம் உன் பணம் வந்ததும் பாத்துக்கலாம்” என்றார். கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தமும் தந்தார், பதினொரு மாதத்துக்கு. அவர் மகன் போனிலேயே வீட்டைப் பதிந்து, மூன்றாம் நாள் ஃபார்ம் சி என் கையில். பதின்மூன்றாம் நாள் இரவு பதினொன்றரைக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட்டேன். ஒரு ஆளின் போனில் முடிகிற வேலைக்கு அவன் வாங்கியது 3,000.

அப்புறம் 46,500ஐக் கேட்கத் தொடங்கினேன். ஒன்பது நாள் வாடகையையும் சாப்பாட்டுக் காசையும் கழித்துக்கொள், மிச்சத்தைத் தா என்றுதான் கேட்டேன். முதல் பதில், “ஏழு வேலை நாள்ல வந்திடும் அக்கா.” ஏழு நாள் போனது. “மேடம், ஃபைனான்ஸ் டீம்ல கேட்டிருக்கேன்.” அக்கா மேடமானது அன்றுதான். அடுத்து, “பணம் கட்டுனது நீங்க இல்லையே மேடம், கட்டுனவர் மெயில் போடணும்.” அண்ணா மெயில் போட்டார். பதில் என்ன தெரியுமா? “நீங்க எங்ககிட்ட தங்கவே இல்லையே சார், தங்குனவங்க கேக்கணும்.” நான் தங்கினேன், ஆனால் கட்டவில்லை. அண்ணா கட்டினார், ஆனால் தங்கவில்லை. இப்படி இரண்டு பேரையும் பந்து மாதிரி உதைத்தார்கள். கடைசியில் ‘டியர் கஸ்டமர்’ என்று ஆங்கிலத்தில் ஒரு மெயில். விதிமுறையின் பதினான்காம் பிரிவின்படி பணம் திரும்பத் தரப்படாதாம். ஒசூர்த் தமிழ் எங்கே போனதோ தெரியவில்லை. அந்த மெயிலின் அடியில், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று வேறு கேட்டிருந்தார்கள்.

இன்று காலை கடைசியாக ஒருமுறை குரல் பதிவு அனுப்பினேன். அந்தத் தேங்காய் வரியை எழுதும்போது கொஞ்சமும் கூசவில்லையா என்று கேட்டேன். கேட்டுவிட்டு முடக்கிவிட்டான்.

46,500. இந்த மாதம் காலையில் தேத்தண்ணீரும் பாணும், இரவில் அந்த அம்மா தருகிற சோறு. ‘ஸ்ரீலங்காப் பொண்ணுக்கு’ என்று எடுத்து வைக்கிறார். வெட்கமாக இருக்கிறது, சாப்பிடுகிறேன்.

முழு மாதக் கணக்கு போடுகிறேன் என்றேன். இப்போது முடியவில்லை, ஒன்றரை மணிக்கு வகுப்பு. சுருக்கமாக எழுதிவிட்டுப் போகிறேன்.

அறைக்குக் காசு கட்டும் முன் “உங்கள் கட்டடம் ஃபார்ம் சி-க்குப் பதிந்திருக்கிறதா” என்று அந்தக் கட்டடக்காரரிடமே கேளுங்கள், இடைத்தரகனிடம் இல்லை. யார் கட்டினாலும் ரசீதில் தங்குகிறவர் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் இருக்க வேண்டும். உதவித்தொகை முதல் மாதமே வரும் என்று நம்பி வராதீர்கள், இரண்டு மூன்று மாதத்துக்குக் கையில் காசு வேண்டும். கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இலவசம் என்று எது கண்ணில் பட்டாலும் அது வெளிநாட்டவருக்கும் உண்டா என்று பாருங்கள். ஆட்டோவில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18, இதுதான் மீட்டர் கணக்கு. ஏமாந்தது தெரிந்த நிமிடமே இணைய மோசடிக்கான 1930க்கு அழையுங்கள். நான் காசு போய் ஒன்றரை மாதம் கழித்து அழைத்தேன். நுகர்வோர் முறைப்பாட்டுக்கு 1915. காசு அண்ணாவின் கணக்கிலிருந்து போனதால் அவரும் சென்னையில் தனியாக முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறார்.

தேங்காய் வரி இருக்கிற அந்த அட்டவணை உங்களில் யாருக்காவது வந்திருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். காசு கட்டியிருந்தாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி. நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒன்றாகவே முறைப்பாடு கொடுக்கலாம்.