தடைக்காலச் சந்தை: மூவிங் ஆவரேஜா, ஆர்எஸ்ஐயா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பாம்பனில் விசைப்படகுகள் ஓய்ந்துவிட்டால் எங்கள் ஐஸ் கடை வாசலில் பேச்சு ஷேர் மார்க்கெட் பக்கம் போய்விடும். எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று முடிவெடுக்க ஆளுக்கொரு அளவுகோல். படகு வைத்திருக்கும் என் மச்சான் ஆர்எஸ்ஐ கட்சி. நான் மூவிங் ஆவரேஜ் கட்சி.

என் கணக்கு எளிது. கடைசி 200 நாள் முடிவு விலைகளைக் கூட்டி 200ஆல் வகுத்தால் அன்றைய புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் கோடு. விலை கோட்டுக்கு மேலே முடிந்தால் வைத்திருப்பேன், கீழே முடிந்தால் விற்றுவிடுவேன். ஆர்எஸ்ஐ 1978இல் வெல்ஸ் வைல்டர் கொடுத்தது. 14 நாள் ஏற்றத்தையும் இறக்கத்தையும் எடைபோட்டு, 0 முதல் 100க்குள் ஓர் எண்ணைக் காட்டும். 70ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள், 30க்குக் கீழே போனால் அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள் என்று அர்த்தம்.

"வாடைக் காத்தா சோழகக் காத்தான்னு உன் கோடு சொல்லும் மாப்ள. அலை எப்ப அடங்கும்னு என்னோடதுதான் சொல்லும்" என்பான்.

அந்த 'அடங்கும்' என்பதில்தான் வம்பு. 2020 பிப்ரவரி 28 அன்று, பெரிய 50 கம்பெனிப் பங்குகளின் குறியீட்டெண்ணான நிஃப்டி 11,201இல் முடிந்தது. ஆர்எஸ்ஐ 30க்குக் கீழே. மலிவு என்று அன்று வாங்கியவர், மார்ச் 23 அன்று 7,610ஐப் பார்த்தார். 30க்குக் கீழே போனதும் விலை திரும்பியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே! அதே நாள்களில் விலை 200 நாள் கோட்டுக்கும் கீழே போனது. கோட்டை நம்பியவர் விற்றுவிட்டு வெளியே நின்றார்.

நின்றதால் பெரிதாகச் சம்பாதித்தாரா என்றால், இல்லை. விலை மறுபடி கோட்டைத் தாண்டியது ஜூலையில், ஏறக்குறைய 10,900இல். விற்ற விலைக்கும் மறுபடி வாங்கிய விலைக்கும் பெரிய வித்தியாசமில்லை. இடையில் தூக்கம் கெடவில்லை, அவ்வளவுதான். கோடு எப்போதும் தாமதம்.

சந்தை போக்கில்லாமல் கிடக்கும் மாதங்களில் மச்சான் கைதான் ஓங்கும். விலை மேலும் கீழுமாய் ஆடும்போது என் கோடு வாங்கு, விற்றுவிடு என்று மாறி மாறிச் சொல்லி, தரகுக்கும் வரிக்குமே காசைக் கரைக்கும். ஆர்எஸ்ஐக்கு அதுதான் நல்ல பருவம்.

இறால் ஏற்றுமதிப் பங்குகளில் இரண்டையும் நம்பமாட்டேன். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதமானது. அப்படிப்பட்ட அறிவிப்பு எந்தச் சார்ட்டிலும் முன்கூட்டித் தெரியாது. பங்கின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் எஃப் அண்ட் ஓ பக்கம் போகவே வேண்டாம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம் என்று பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியே கணக்குக் காட்டியிருக்கிறது.

சரி, எங்கள் ஆட்களுக்கு எது? என் ஓட்டு கோட்டுக்கே. தடை முடிந்தால் மச்சான் வாரம் மூன்று நாள் கடலில். சந்தை நடக்கும் 9:15 முதல் 3:30 வரை அங்கே டவர் கிடைக்காது. 200 நாள் கோடு ஒரு நாளில் அவ்வளவாக நகராது. கரைக்கு வந்து வலையை இறக்கிவிட்டுப் பார்த்தாலும் போதும். ஆர்எஸ்ஐ 28இல் வாங்கிப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனவனுக்கு ஸ்டாப்லாஸை, அதாவது இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று போட்டுவைக்கும் ஆர்டரை, யார் மாற்றுவது?

போன வருடம் நான்தான் மாற்றினேன், அவன் போனை வாங்கி வைத்துக்கொண்டு.