ஓஎம்ஆர் அடுக்ககமா, தென்காசி வீடா?

நாற்பதை நெருங்கும் மென்பொருள் ஊழியர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு எப்படியும் இங்கே வந்துவிடும்: சென்னையிலேயே இருந்து சம்பாதிப்பதா, ஊருக்குப் போய் இருப்பதை வைத்து நிம்மதியாக வாழ்வதா? ஒரு பக்கம் சம்பளம், மறுபக்கம் குற்றாலச் சாரல் என்று வைத்துப் பேசினால் விடிய விடியப் பேசலாம், ஒன்றும் தேறாது. மாதம் பிறந்ததும் கையைவிட்டுப் போகும் தொகையைப் பார்த்தால்தான் கணக்கு பிடிபடும்.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில், அதாவது ஓஎம்ஆரில், வீடு வாங்க 50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 1 கோடியே 4 லட்சம். அதில் வட்டி மட்டும் 54 லட்சம். அடுக்ககப் பராமரிப்புக் கட்டணமும் கோடையில் தண்ணீர் லாரிக் காசும் தனி. பாதுகாப்புக்காக வாங்கிய வீடுதான். ஆனால் தவணை முடியும்வரை மேலாளரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியாது. ஆட்குறைப்புச் செய்தி வரும்போதெல்லாம் வயிற்றில் புளி கரைக்கும்.

தென்காசிப் பக்கம் பூர்வீக வீடு இருப்பவருக்கு வாடகையும் இல்லை, தவணையும் இல்லை. மாதம் 30,000 ரூபாயில் குடும்பம் ஓடும் என்றே கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் அதே குடும்பத்துக்கு 60,000 வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ ஓட வேண்டும். போதுமென்ற மனம் பொன் செய்யும் மருந்துதான். மருந்துக்கடையில் அது செல்லாது.

ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு, தென்காசி அருகே மத்தளம்பாறையில் எளிமையாக வாழவில்லையா என்று கேட்பார்கள். வாழ்கிறார். பெரிய நிறுவனத்தை நிறுவியவரின் எளிமையும், சேமிப்பைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பவரின் எளிமையும் ஒன்றல்ல. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: 2011-இல் ஜோஹோ அங்கே அலுவலகம் திறந்ததால் சிலருக்கு ஊரிலேயே சம்பளம் கிடைத்தது. வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி உள்ளவர்களுக்கும் அதே வசதி உண்டு. அப்படி ஒரு வாய்ப்பு அமைந்தால், சம்பளத்தில் கால்பங்கு குறைந்தாலும் யோசிக்காமல் பிடித்துக்கொள்ளலாம்.

அது அமையாதவர்களுக்கு என் ஓட்டு ஊருக்குத்தான், ஆனால் இன்றைக்கே அல்ல. கடன் இருப்பவர் அதை அடைக்கும்வரை சென்னையில் இருக்கட்டும். கடன் வாங்காதவர் வாடகை வீட்டிலேயே இருந்து, தவணைக்குப் போகக்கூடிய பணத்தைச் சேர்க்கட்டும். இரு தரப்பும் கோட்டை விடுவது மருத்துவக் காப்பீட்டில். வேலையை விட்டதும் அலுவலகக் காப்பீடு போய்விடும். புதிதாக எடுக்கும் தனிக் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். ஆகவே ஊருக்குப் போக நாள் குறித்தவர், அதற்கு மூன்று ஆண்டு முன்பே, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே, குடும்பத்துக்கான தனிக் காப்பீட்டை எடுத்துவிட வேண்டும்.