பேண்ட் சா பிளேடுக்கு எந்தக் கல்? வெள்ளைக் கல்லும் சிபிஎன் சக்கரமும்

பேண்ட் சா பிளேடு என்பது இரண்டு வீல்களில் வளையமாக ஓடி மரம் அறுக்கும் ரம்பம். அது அறுந்துபோனால் பழைய இரும்பில் போடுவதற்கு முன், அறுந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் வெடிப்பு இரண்டு பற்களுக்கு இடையிலுள்ள பல்லடிக் குழியின் அடியில்தான் தொடங்கியிருக்கும். அங்கே நீலமோ வைக்கோல் நிறமோ ஏறியிருந்தால் மரத்தையும் பிளேடு கம்பெனியையும் திட்டிப் பயனில்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது சாணைக் கல்லைத்தான்.

4 மீட்டர் சுற்றளவுள்ள பிளேடு நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடினால், நொடிக்கு ஆறு சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வீல்களில் வளைந்து நிமிர வேண்டும். அதாவது நொடிக்குப் பன்னிரண்டு வளைவு. தீட்டும்போது குழியின் அடி சூடேறினால், மேல்தோல் மட்டும் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோல், இத்தனை வளைவைத் தாங்காது. ஆகவே கல் எவ்வளவு வேகமாகத் தீட்டுகிறது என்பது இரண்டாவது கேள்விதான். எவ்வளவு குளிர்ச்சியாகத் தீட்டுகிறது என்பதே முதல் கேள்வி.

இங்கே பேசுவது 32 மி.மீ. அகலம், 22 மி.மீ. பல் இடைவெளி கொண்ட குறுகலான பிளேடுகளைப் பற்றி. 4 மீட்டர் பிளேடில் சுமார் 180 பல் இருக்கும். அகலப் பிளேடுகளுக்குக் கணக்கு வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

வெள்ளைக் கல்

வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்தான் பழகிய வழி. கல்லின் லேபிளில் பலர் டபிள்யூஏ என்று போடுவார்கள், நார்ட்டன் கம்பெனி 38ஏ என்று போடும், பொருள் ஒன்றுதான். 200 மி.மீ. விட்டம், 6 மி.மீ. கனம், 60 கிரிட் (துகளின் அளவு), கடினம் கே அல்லது எல் (எழுத்து ஏற ஏறக் கல் கெட்டி), விட்ரிஃபைடு பாண்டு (துகளைப் பிடித்திருக்கும் சுட்ட பீங்கான் பிணைப்பு) என்று கேட்டு வாங்கினால் இந்த அளவு பிளேடுக்குப் பொருந்தும்.

கடினத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சீக்கிரம் தேய்கிறதே என்று எம், என் என்று கெட்டியான கல்லுக்குப் போவார்கள். கெட்டியான கல்லில் மழுங்கிய துகள் உதிராமல் அப்படியே நிற்கும். கல்லின் முகம் பளபளக்கும். வெட்டுவதை விட்டு உரச ஆரம்பிக்கும். உரசினால் சூடு. தேயும் கல்தான் வெட்டும் கல். அதற்காக மிக மென்மையான கல்லுக்குப் போனால், முதல் பல்லில் இருந்த வடிவம் 180-ஆவது பல்லில் இருக்காது. ஒரு சுற்று முடிந்ததும் முதல் பல்லையும் கடைசிப் பல்லையும் டெம்ப்ளேட் (பல் வடிவ மாதிரித் தகடு) வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணில் பட்டால் கல் மென்மை, அல்லது வெட்டு அதிகம்.

ஒரு சுற்றுக்கு 0.05 மி.மீ. வெட்டு, இரண்டு அல்லது மூன்று சுற்று. அவசரத்துக்கு ஒரே சுற்றில் 0.2 மி.மீ. எடுத்தால் குழி நீலமாகும். பல் வடிவத்தைத் தருவது மெஷினின் கேம், அதாவது கல்லை ஏற்றி இறக்கும் வடிவத் தகடு. குழியின் வளைவைத் தருவது கல்லின் விளிம்பு. விளிம்பை வட்டமாக டிரெஸ்ஸிங் (கல்லின் முகத்தைச் சீவிச் சரிசெய்வது) செய்யாமல் சதுரமாக விட்டால் குழியில் கூர்மூலை விழும். வெடிப்புக்கு அதைவிட நல்ல நாற்றங்கால் கிடையாது.

பலர் கவனிக்காத ஒன்று: 2800 ஆர்பிஎம் மோட்டாரில் 200 மி.மீ. கல்லின் விளிம்பு நொடிக்கு 29 மீட்டர் ஓடும். அதே கல் தேய்ந்து 150 மி.மீ. ஆனால் 22 மீட்டர்தான். வேகம் குறையக் குறையக் கல் மென்மையானதைப் போல நடந்துகொள்ளும், சீக்கிரம் உதிரும். பாதி தேய்ந்த கல் "கெட்டுப்போச்சு" என்று தோன்றுவது இதனால்தான்.

புதுக் கல்லை மாட்டும் முன் ஒரு விரலில் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டுங்கள். மணிபோல் ஒலிக்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே கீறல், மாட்டக் கூடாது. மாட்டியபின் கார்டை (பாதுகாப்பு மூடியை) மூடி, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, விலகி நில்லுங்கள்.

சிபிஎன் சக்கரம்

சிபிஎன் என்றால் கியூபிக் போரான் நைட்ரைடு. இதை 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கினார். கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது. வைரமே இருக்கும்போது இது எதற்கு என்றால், வைரம் கரி. சூடான இரும்பு கரியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் எஃகில் வைரக் கல் வீணாகத் தேயும். சிபிஎன்னுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்த வேலைக்கு வருவது எஃகு உடல். அதன் விளிம்பில் நிக்கல் பூச்சால் பிடிக்கப்பட்ட ஒரே அடுக்குத் துகள். விளிம்பு முழுப் பல் வடிவத்திலேயே கடையப்பட்டிருக்கும். ஒரே இறக்கத்தில் பல்லின் முன்முகம், குழி, அடுத்த பல்லின் முதுகு மூன்றும் தீட்டப்படும். டிரெஸ்ஸிங் கிடையாது. முதல் பல்லும் கடைசிப் பல்லும் ஒரே அச்சு. வெள்ளைக் கல்லால் இந்த இடத்தில் போட்டியிட முடியாது.

ஆனால் இந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சொட்டினால் போதாது. தண்ணீர் கலந்த கூலண்ட் வேண்டாம்: சூட்டில் நீராவி சிபிஎன் துகளைத் தின்னும். எண்ணெய்த் தொட்டியில் காந்தமும் வடிகட்டியும் இல்லாவிட்டால், அரைத்த இரும்புப் பொடியே திரும்பத் திரும்பச் சக்கரத்துக்கு வரும். பிசின் ஒட்டிய பிளேடை அப்படியே ஏற்றினால் துகள் இடுக்குகள் அடைத்துக்கொள்ளும். முதலில் பிளேடைத் துடையுங்கள்.

ஆகப்பெரிய ஆபத்து, பிளேடை ஒவ்வொரு பல்லாக நகர்த்தும் மெஷினின் தள்ளும் விரல் ஒரு பல் தவறுவது. சக்கரம் பல் நுனியில் மோதினால் அந்த இடத்துப் பூச்சு பெயர்ந்துவிடும். வெள்ளைக் கல்லில் இதே விபத்து நடந்தால் ஐந்து நிமிட டிரெஸ்ஸிங்கோடு போகும். சிபிஎன்னில் அந்த வழுக்கை இடம், இனி தீட்டும் ஒவ்வொரு பல்லிலும் அதே இடத்தைச் சுடும். விலை பல மடங்கு என்பதால், தள்ளும் விரலைச் சரிபார்க்காமல் ஸ்விட்சைப் போடுவது காசை எரிப்பதற்குச் சமம்.

பச்சை சிலிக்கன் கார்பைடு கல்லை இந்த வேலைக்கு யாராவது பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். எஃகில் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு முனை வைத்த பிளேடு என்றால் மட்டும் வைரக் கல்.

யாருக்கு எது

தீர்மானிப்பது விலையல்ல, பல் வடிவங்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு பல் வடிவத்துக்கும் தனி சிபிஎன் சக்கரம் வேண்டும். 10 டிகிரி ஹூக் (பல்லின் முன்முகச் சாய்வு) பிளேடுக்கு வாங்கிய சக்கரத்தில் 4 டிகிரி பிளேடை ஏற்ற முடியாது. ஒரே கம்பெனி, ஒரே வடிவப் பிளேடை வாங்கி, தினம் ஐந்தாறு தீட்டும் மில்லுக்கு சிபிஎன்தான். வெளியிலிருந்து நாலு விதப் பிளேடு வரும் தீட்டும் கடைக்கு வெள்ளைக் கல்லே லாபம்: கேமை மாற்றி, கோணத்தைத் திருப்பினால் போதும்.

36 அங்குலத்துக்கு மேற்பட்ட வீலில் ஓடும் 4, 5 அங்குல அகலப் பிளேடுகளுக்கும் வெள்ளைக் கல்தான், 10 முதல் 12 மி.மீ. கனத்தில். அங்கே பல் இடைவெளி பெரிது, குழி ஆழம். வடிவமோ தீட்டுகிறவரின் கைக்குக் கை மாறும். அதற்கு ஒரு நிலையான அச்சு எடுபடாது.

வெள்ளைக் கல்லிலிருந்து சிபிஎன்னுக்கு மாறுகிறவர்கள் பழைய பிளேடில் தொடங்க வேண்டாம். பல தடவை தீட்டியதில் அவற்றின் வடிவம் விலகியிருக்கும். முதல் சுற்றில் சக்கரம் சில பற்களில் முதுகை மட்டும் தொடும், சிலவற்றில் குழியை மட்டும். அதைப் பார்த்துப் பயந்து வெட்டை ஆழப்படுத்தினால் பூச்சு போய்விடும். புதுப் பிளேடில் மெஷினை செட் செய்துகொண்டு, பழையதை 0.05 மி.மீ. வீதம் மூன்று நான்கு சுற்று ஓட்டுங்கள். குழி முழுக்க ஒரே பளபளப்பு வந்தால் வடிவம் சேர்ந்துவிட்டது.